போலந்து – வந்தவாசி வழி

காலை ஏழரை மணிக்கு செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். ஒரு நாட்டின் தேசிய அணி வீரரோடு மாமல்லபுரம் போகிறோமே என்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தேன். வீரர் அரைக்கால் சட்டையிலும் ரப்பர் செருப்பிலும் வந்தார். கக்கத்தில் முட்டை வடிவப் பந்து.

வீரர் அருள், மறைமலைநகரில் என் பக்கத்து வீட்டு ஞானப்பிரகாசத்தின் ஒரே மகன். போலந்துக்குப் படிக்கப் போய், ரக்பி செவன்ஸ் கற்று, அங்கேயே வேலையில் அமர்ந்தவன். குடியிருந்த வருடக் கணக்கை வைத்து அந்த நாட்டு அணியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். பக்கத்துக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் இரண்டு ஆட்டம் முடிந்திருக்கும்.

ஞானமும் எங்களோடு பஸ் ஏறினார். நடத்துநர் அவருடைய சொந்த ஊரான அச்சரப்பாக்கத்துக்காரர்.

"இன்னா அருளு, போளூர்லேர்ந்து எப்ப வந்தே?"

"போளூர் இல்லண்ணா. போலந்து."

"அதான்பா நானும் சொல்றேன். வந்தவாசி வழியா வந்தா மூணு மணி நேரம். வாரா வாரம் வந்து பெத்தவங்கள பாக்கறதுக்கு இன்னா கேடு?"

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறவன் டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ண ஆரம்பித்தான். ஞானம் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றத்தில் ஞானம் டீ வாங்க இறங்கியபோது அருள் விஷயத்தைச் சொன்னான். ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில் இறங்க அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும். அதை வாங்கினால் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்றால் வாங்குவதாக இல்லை. "நீங்க எழுதுறவரு அங்கிள். பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

எழுதுகிறவனுக்கும் பக்குவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் தலையாட்டினேன். டீயோடு ஞானம் திரும்பியதும் தொண்டையைச் செருமி, "இந்த வருஷம் மழை பரவாயில்லை" என்றேன். அடுத்த ஐந்தாவது கிலோமீட்டரில் மறுபடி முயன்று, சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசி முடித்தேன்.

ஒன்பது மணிக்குக் கடற்கரைக் கோயில். அனுமதிச்சீட்டுப் பலகையில் இந்தியருக்கு நாற்பது ரூபாய், வெளிநாட்டவருக்கு அறுநூறு. நான் மூன்றாம் முறையாகத் தொண்டையைச் செருமுவதற்குள் அருளே முந்திக்கொண்டான்.

"ப்பா, இன்னிக்கு எனக்கு நாப்பது ரூபா. அடுத்த தபா வந்தா அறநூறு."

ஞானம் பலகையை நிதானமாகப் படித்தார். மகனைப் பார்த்தார். மூன்று நாற்பது ரூபாய்ச் சீட்டு வாங்கினார். உள்ளே ஒரு கல் நந்தியின் பின்பக்கத்தை, குறைந்த விலைக்குப் பேசி முடிக்கப் போகிறவர் போல வெகுநேரம் பார்த்தார்.

பிறகு மணலுக்கு வந்தோம். வலை உலர்த்திய நான்கைந்து மீனவர்களை அருள் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான். ஆள் குறைந்ததால் என்னையும். பந்து என்னிடம் வந்ததும் முன்னால் நின்றவரிடம் வீசினேன். அது தப்பாம், பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்கலாமாம். அடுத்த முறை பிடித்துக்கொண்டு ஓடினேன். எழுபது கிலோ மீனவர் ஒருவர் என் இஸ்திரிச் சட்டையின் மேல் படுத்துக்கொண்டு, "அண்ணாத்த, அடி படலியே?" என்று மரியாதையாக விசாரித்தார்.

ஞானம் படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி யாரும் வரலன்னா இன்னாடா பண்ணுவே?"

"நானே ஓடணும்ப்பா. மேல வுழுவாங்க."

"அங்க உன் பின்னாடி ஆளுங்க கீறாங்களா?"

"கீறாங்கப்பா. ஆறு பேரு."

மதியம் வறுத்த மீன் கடையில், முள்ளை எடுத்துக்கொண்டே ஞானம் பேசினார். "போளூர்னு ஊர்ல சொன்னதே நான்தான். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. போலந்துன்னா எவ்ளோ தூரம்னு கேப்பானுங்க. உங்கம்மா எதிர்ல நான் எப்படி சொல்றது? போளூர்னா பஸ்ஸு கீது."

அருள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"அந்த பாஸ்போர்ட்ட வாங்கிக்க போ. நான் போளூர்னே சொல்லிக்கிறேன். அறநூறும் குடுக்காத. நீ வாயத் தொறந்து பேசினா சீட்டு குடுக்கறவனே நாப்பதுதான் கேப்பான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிளகாய் காரம்.

நாலு மணிக்குத் திரும்பும் பஸ்ஸில் அதே நடத்துநர். என் சட்டையிலிருந்து கொட்டிய மணலை முதலில் கண்டித்தார். பிறகு அருளிடம் திரும்பினார். "எப்ப போளூர் கெளம்பறே?"

ஞானம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அருள் அப்பாவை ஒரு கணம் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழமைண்ணா. வந்தவாசி வழியா."

"காலைல மொத வண்டிய புடி. உக்காந்துனு போலாம்."

"சரிண்ணா" என்றான் போலந்து வீரன்.