கெளிறு மீன் குத்தியதென்று சொன்ன பொய்

நான் மண்டைதீவில் கடற்றொழில் செய்பவன். வலை இழுத்துத் தோள் தசை கிழிந்தது. கலியாணமாகி ஆறு வருடமாகப் பிள்ளையும் இல்லை. போனில் பல மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, தசை ஆற ஒன்று, விந்து பெருக ஒன்று என, பெப்டைட் எனப்படும் புரதத் துணுக்கு ஊசிமருந்துகள் இரண்டை இரகசியமாக வரவழைத்து வயிற்றில் நானே குத்திக்கொண்டேன்.

நான்காம் நாள் வயிறு வீங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு மனைவியும் வந்தாள். "கெளிறு மீன் முள்ளால குத்திப்போட்டுது" என்றேன்.

தொப்புளின் இரு பக்கமும் சம தூரத்தில் இருந்த ஊசித் தடங்களைப் பார்த்த டொக்டர், "கெளிறு அளந்தளந்தோ குத்தினது?" என்றார்.

உண்மையைச் சொன்னேன்.

"ரெண்டும் இன்னும் பரிசோதனையில இருக்கிற மருந்து. பிள்ளைக்கெண்டு நீங்கள் ஒருக்காலாவது உங்களைச் சோதிச்சுப் பாத்தனீங்களோ?"

மனைவி நிலத்தைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் சோதனைக்கு அவளை மட்டுமே அனுப்பியவன் நான்.

இப்போது கிளினிக்கில் சோதனைக்கு என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவள் வெளியே கதிரையில் காத்திருக்கிறாள்.