கடலுக்குப் போற போன்

போன் திருத்தும் மேசையில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் இப்போது எனக்கு சோல்டர் முனை சரியாகத் தெரிவதில்லை. ஆகவே மேசையை விட்டு எழும்பிவிட்டேன். தொழில் நுணுக்கங்களை நீங்கள் வீடியோ பார்த்தே படித்துக்கொள்வீர்கள். அந்த வீடியோக்களில் வராத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். சந்தோசமான கதை இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

1. முதல் கேள்வி

மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள சின்னக் கடை. முதலாளி றஹீம் நானா. முதல் நாள் அவர் என்னிடம் தந்தது ஒரு பல் பிரஷும் ஒரு போத்தல் தின்னரும். பழைய போன் ஒன்றின் போர்டைக் கழற்றி வைத்து, "உப்பெடு" என்றார். மன்னாரில் போன் திருத்துவதென்றால் பாதி வேலை அதுதான். கடற்காற்றோடு உப்பு உள்ளே போய், பின்களில் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். அதைத் தேய்த்து எடுப்பதற்குப் பெயர் உப்பெடுப்பது.

நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போது நானா சொன்னார்.

"தங்கச்சி, போனைக் கொண்டு வாற ஆளிட்ட முதல் என்ன கேக்கிறது? மொடல் கேக்கப்படாது. கடலுக்குப் போற போனா, வீட்டில இருக்கிற போனா எண்டு கேளு. பிறகு மாத்து எண்டு சொல்லு, இல்லாட்டிப் பொறு எண்டு சொல்லு. விடை இல்லாம ஒருத்தரையும் அனுப்பப்படாது."

நல்ல முதலாளி. அவர் சொன்னபடியே காலமெல்லாம் கேட்டேன், சொன்னேன். வீட்டுப் போன் என்றால் கணக்குச் சுலபம். பற்றரி மட்டும் போயிருந்தால் மாற்றிப் போட்டுக்கொண்டு பொறுக்கலாம். டிஸ்பிளே கொழும்பில் இன்னும் கிடைக்குமென்றாலும் பொறுக்கலாம். ஆப் ஒவ்வொன்றாக 'இந்தப் போனில் இனி ஓடமாட்டேன்' என்று சொல்லத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான். கடலுக்குப் போகும் போன் என்றால் கணக்கே இல்லை. சந்தேகம் வந்த அன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஆனால் எங்கள் கரையில் எல்லாம் தலைகீழ். வீட்டுக்குப் புதுப் போன் வந்தால் அது மனைவிக்கு, அல்லது படிக்கிற பிள்ளைக்கு. மனைவியின் பழையது புருசனோடு கடலுக்குப் போகும். எப்படியும் உப்பில் பழுதாகப் போகிற சாமான்தானே, அதற்கு எதற்கு நல்லது என்பது அவர்கள் நியாயம். பேசாலையிலிருந்து வங்காலை வரைக்கும் இதே பழக்கம்தான். வீட்டிலேயே மோசமான போன், அது ஆகக் கூடுதலாகத் தேவைப்படுகிற மனிதரின் சட்டைப்பைக்குள் போகும். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

2. பாப்பம்

இந்த ஒரு சொல்லை நான் மேசையில் இருந்த காலமெல்லாம் வெறுத்தேன். அடம்பனிலிருந்து வரும் வயற்காரர், "வெட்டு முடியட்டும், பாப்பம்" என்பார். வாத்தியார், "அடுத்த மொடல் வரட்டும், பாப்பம்" என்பார். அடுத்த மொடல் வந்ததும் அதற்கடுத்தது வருகிறதாம் என்று சொல்லிக்கொண்டு உடைந்த கண்ணாடியில் விரலை வெட்டிக்கொள்வார். 'மாத்திறன்' என்றாலும் ஒரு முடிவு, 'மாத்தேல்லை' என்றாலும் ஒரு முடிவு. 'பாப்பம்' என்றால் என்ன? ஒன்றுமில்லை. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி அந்தச் சொல்லுக்குள் போய் நின்றுகொள்வார்கள்.

சந்தியோகு வந்தது ஒரு மத்தியானம். வங்காலைக்காரர், சொந்தப் படகில் தனியே போய் வருகிறவர். என் முன்னால் கிடந்த கதிரையில் இருந்து, பொலித்தீன் பைக்குள்ளிருந்து போனை எடுத்து வைத்தார்.

"அக்கா, சார்ஜ் சரியா ஏறுதில்லை. உப்பெடுத்துத் தாங்கோ."

"கடலுக்குப் போற போனா?"

"ஓம்."

பின்மூடியை இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தார். பட்டியைக் கழற்றியதும் மூடி தானாக எழும்பியது. உள்ளே பற்றரி பொங்கிப்போய்க் கிடந்தது.

"அண்ணை, இது உப்பெடுத்துச் சரிவாற போன் இல்லை. பற்றரி பாதி எண்டு காட்டிக்கொண்டு இருக்கேக்கயே நிண்டிடும். போர்டும் சரியில்லை. வேற பற்றரி போட்டாலும் அதையும் திண்டுபோடும். இண்டைக்கே மாத்துங்கோ."

"மச்சான் கட்டாரால வாறார் அக்கா. மடு மாதா கோயில் திருநாளுக்கு இங்க நிப்பார். வரேக்க புதுப் போன் கொண்டு வாறார்."

"அது உங்களுக்கோ?"

சிரித்தார். "எனக்கேன் புதுப் போன்? அது றீற்றாவுக்கு, மனிசிக்கு. அவவின்ர போன் எனக்கு. கடலுக்கு அது காணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கரையில நிக்கிற ஆளுக்கு நல்ல போன், நடுக்கடலில நிக்கிற ஆளுக்குச் செத்த போன். இது என்ன கணக்கு அண்ணை?"

"கடலுக்குக் கொண்டு போனா எதுவும் பழுதாத்தானே போகும்."

"போகட்டும். போன் பழுதானா நாங்கள் திருத்துவம். நீங்கள் பழுதாப் போனா ஆர் திருத்துறது?"

அதற்கும் சிரித்தார். "திருநாள் மட்டும் தாங்காதோ அக்கா?"

"தாங்காது."

"பாப்பம்," என்றார். பட்டியை மறுபடி கவனமாகப் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார்.

3. காதில் வயர் மாட்டிய பெண்

மடுத் திருநாள் முடிந்த பிறகு ஒரு பெண் வந்தாள். கறுப்புச் சேலை இல்லை, சாதாரணச் சட்டைதான். ஒரு காதில் ஹாண்ட்ஸ்ஃப்ரீ வயர். பேசும்போதும் அதைக் கழற்றவில்லை. எனக்கு அவளைத் தெரியாது.

"அக்கா, என்ர பேர் றீற்றா. சந்தியோகின்ர மனிசி. நீங்கள் அவருக்குப் போனை மாத்தச் சொன்னனீங்களாம். வீட்டில வந்து சொன்னவர்."

சந்தியோகு திருநாளுக்கு முன்னர் ஒரு விடியற்காலையில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறியிருக்கிறது. ஊர்ப் படகுகள் எல்லாம் போய்த் தேடியிருக்கின்றன. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

காற்று மாறுவதற்குக் கொஞ்சம் முன்னர் அவளுக்கு அவரிடமிருந்து ஒரு போன் கோல் வந்திருக்கிறது. கரையில் கருவாடு போடும் வாடியில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தவள், சட்டையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்திருக்கிறாள்.

"'றீற்றா, எஞ்சின்' எண்டவர். அவ்வளவுதான் அக்கா. நிண்டிட்டுது. திருப்பித் திருப்பி எடுத்தன், போகேல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அது பற்றரியோ அக்கா, சிக்னலோ?"

இத்தனை காலம் போன்களைக் கழற்றிப் பூட்டியவள் நான். அந்தப் போனின் உள்ளேயும் பார்த்தவள். எனக்குத் தெரியாது. ஆழத்துக்குப் போனால் நல்ல போனுக்கும் சிக்னல் அறும். அந்தப் பற்றரியோ கரையிலேயே நிற்கக்கூடியது. எதைச் சொன்னாலும் அவளுக்கு நித்திரை வரப்போவதில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். நான் சொன்னது சரியாகப் போனதே என்று ஒரு கணம் மனதுக்குள் வந்தது. என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. எங்கள் தொழிலில் நாங்கள் சொன்னது பலிப்பதைப் போல ஒரு உதவாத காரியம் வேறொன்றும் இல்லை.

பிறகு அவள் வந்த விசயத்தைச் சொன்னாள். அவளுடைய போனில் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் ஒரு கோட்டளவுக்கு டச் செத்துவிட்டது. கோல் வந்தால் பச்சைப் பொத்தான் வருவது சரியாக அந்த இடத்தில். விரலால் இழுத்து எடுக்க முடியாது. வயரில் உள்ள பொத்தானை அமத்தினால் மட்டும் எடுக்கலாம். அதனால்தான் எப்போதும் காதில் வயர். கோயிலுக்கும் அப்படியே போகிறாளாம். பூசையில் பாட்டுக் கேட்கிறாள் என்று யாரோ பங்குச் சுவாமியிடம் முறையிட்டிருக்கிறார்கள்.

"அவர் இந்த நம்பரை மட்டும்தான் பாடமாக்கி வச்சிருக்கிறார். போன் நனைஞ்சு போனாலும் ஆரிட்டையும் வாங்கி எடுக்கலாம் எண்டு. அக்கரைப் பக்கம், இந்தியாவுக்கு, அலையில அடிபட்டுப் போயிருந்தா, ஆரின்ரயோ போனில எடுப்பார். அப்ப இது வேலை செய்யவேணும்."

வச்சிருக்கிறார், எடுப்பார். அவள் பேச்சில் அவர் இருந்துகொண்டே இருந்தார்.

பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்த புதுப் போன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைக்கூடக் கிழிக்கவில்லை.

"இது முந்தியே வந்திருந்தா, இந்தப் போன் அவரிட்டை இருந்திருக்கும்," என்று கையிலிருந்ததைக் காட்டினாள். "இப்ப இதுக்கு மாத்தவோ, பொறுக்கவோ? நீங்கள்தான் சொல்லவேணும்."

4. ஆற்ற பேரில?

நம்பர் சிம்மில்தான் இருக்கிறது, போனில் இல்லை, கழற்றி மாற்றிப் போட்டால் முடிந்தது என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்டாள். எடுத்தால் மறுபடியும் எடுப்பார் என்றேன். ஒருமாதிரிச் சம்மதித்தாள்.

பின்மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வாடியில் உப்புக்கையோடு பிடித்த போன் அது. சிம் கிடக்கும் இடம் முழுக்கப் பச்சை. சிம்மும் பின்களும் ஒன்றோடொன்று பிடித்துப்போய்க் கிடந்தன. இப்படிப் பிடித்ததை இழுத்தால் சிம்மின் மேலிருக்கும் தகடு பின்னோடு உரிந்து வந்துவிடும். எத்தனையோ தடவை உரிந்து வந்திருக்கிறது. அப்போதெல்லாம் அது ஒரு பொருட்டே இல்லை. போய் அதே நம்பரில் வேறு சிம் எடுங்கோ என்று அனுப்பிவிடுவோம்.

தின்னர் ஊற்றி உப்பெடுக்கலாம் என்றால் போனை நிறுத்தி, பற்றரியைக் கழற்ற வேண்டும். அந்த நிலையில் தேய்த்து அசைத்தால் பிறகு அது சிம்மைப் பிடிக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. வருகிற கோலை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் வழியையும் பார்த்தேன். இந்த இணைப்புக்கு அந்தச் சேவை இல்லை என்று வந்தது. டிஸ்பிளேயும் தேடினேன். அந்த மொடலுக்கு இனி வராது என்றார்கள்.

"பிள்ளை, முதல் இதே நம்பரில புதுச் சிம் ஒண்டு எடுப்பம். சிம் ஆற்ற பேரில எடுத்தது?"

"அவற்ற பேரில. டவுனுக்கு வாறது அவர்தானே. தன்ர ஐ.சி.யை, அடையாள அட்டையைக் குடுத்து எனக்கும் சேத்து எடுத்தவர்."

றஹீம் நானாவிடம் சொல்லிவிட்டு நானும் அவளோடு போன் கம்பனிக் கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை குணமான பிள்ளை. குறை சொல்லமாட்டேன்.

"அக்கா, சிம் எடுத்த ஆள் ஐ.சி.யோட நேர வரவேணும்."

"ஆள் கடலில காணாமல் போட்டார், பிள்ளை," என்றேன் நான்.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அப்ப மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ அக்கா. உங்கட பேருக்கு மாத்தித் தரலாம்."

றீற்றா அவளுக்கு நன்றி சொன்னாள். வெளியே வந்து, வெயிலில் நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

"அவர் எடுக்கிறதுக்கு இந்த நம்பர் இருக்கவேணும் எண்டா, அவர் செத்துப்போனார் எண்டு நான் சொல்லவேணும். அப்பிடித்தானே அக்கா?"

அப்படித்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவளைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது, அதை நான் செய்யவில்லை. இரண்டு பேரும் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தோம்.

5. விடை இல்லாமல்

நான் வேலையை விடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவள் மறுபடி வந்தாள். அதே வயர், அதே பெட்டி. பழைய போனை இப்போது சார்ஜ் வயரிலேயே போட்டு வைத்திருக்கிறாளாம். வெளியே கொண்டுவந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. கடைக்குள் வந்ததும் என்னைக் கேளாமலே சுவரிலிருந்த பிளக்கில் செருகினாள்.

"இண்டைக்கு பஸ்ஸில வரேக்கயும் நிண்டது. இனி என்ன அக்கா செய்யிறது? சிம்மை இழுத்துப் பாப்பமோ? இல்லாட்டிப் பொறுப்பமோ?"

இழுத்தால் உரியலாம். பொறுத்தால் போன் ஒருநாள் எழும்பாமல் விடும். இரண்டில் எது நடந்தாலும் அந்த நம்பர் போய்விடும். அதைக் காப்பாற்றும் ஒரே கடதாசியை அவள் ஒருநாளும் வாங்கப் போவதில்லை, வாங்கு என்று சொல்ல எனக்கும் வாய் வராது. மாத்து என்று சொல்லு, இல்லாட்டிப் பொறு என்று சொல்லு என்று நானா சொன்னது காதில் கேட்டது. நான் அவளுடைய போனைப் பார்த்தேன். வாடி உப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"பாப்பம், பிள்ளை," என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. "ஓம் அக்கா, பாப்பம்," என்று சொல்லிப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, போன் கொஞ்சம் சார்ஜ் ஏறும் வரைக்கும் என் முன்னால் இருந்துவிட்டுப் போனாள். இவ்வளவு காலமும் அந்தச் சொல்லைச் சொன்னவர்களையெல்லாம் நான் ஏசியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு வேறு வழி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

பாடம் என்று ஏதாவது எழுத வேண்டுமே. எழுதுகிறேன். நானா சொல்லித் தந்த முதல் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். கடல் தொழில் செய்கிற மனிதர் ஒருவர் போனோடு வந்தால், என்ன மொடல், மாற்றுவதா பொறுப்பதா என்பதெல்லாம் பிறகு. "அண்ணை, உங்கட மனிசியின்ர சிம் ஆற்ற பேரில?" என்று முதலில் கேளுங்கள். அவருடைய பேரில் என்று சொன்னால், போனைத் திருத்தாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு, அவரைக் கந்தோருக்கு அனுப்பி, மனைவியின் பேருக்கு மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாப்பம் என்பார். விடாதீர்கள். அவர் உங்கள் முன்னால் கதிரையில் இருக்கும்போதுதான் இது நடக்கும். சந்தியோகும் அந்தக் கதிரையில்தான் இருந்தார்.