நடுவில் நின்ற எம்.எல்.ஏ.

அவர் சொல்ல நான் கடைசியாகத் தட்டச்சு செய்த கடிதம் மூன்றே வரிதான். 'வரும் தேர்தலில் போட்டியிட விரும்பவில்லை' என்பதற்கு முன்னால் 'உடல்நலம் கருதி' என்று நானாகச் சேர்த்திருந்தேன். எல்லாரும் அப்படித்தானே எழுதுவார்கள்? படித்துவிட்டு, "உடம்புக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கேன். அதை எடுத்துடுங்க" என்றார்.

வலங்கைமான் பக்கம் இருந்த அவருடைய அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.; நிலபுலன் உள்ள குடும்பம். மேடையிலும் குரல் உயர்த்தாதவர். மிராசுதார்களும் வருவார்கள், விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரும் வருவார்கள். இரு தரப்புக்கும் ஒரே பெஞ்சு, ஒரே காபி. சொந்தக் கட்சிக்காரர்களே அவரை 'வழவழா' என்றார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஒரு தை மாதம் அவருடைய மைத்துனரின் வயலில் சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூட்டினால்தான் அறுப்போம் என்று உள்ளூர் ஆட்கள் சொல்ல, மைத்துனர் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். இரு தரப்பும் அரிவாளோடு வாய்க்கால் கரையில் நின்றன. எம்.எல்.ஏ. போலீஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகப் போய் நடுவரப்பில் உட்கார்ந்தார். பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நான். மதியத்துக்குள் மைத்துனர் அரைப்படிக்கு ஒத்துக்கொண்டார். லாரி திரும்பிப் போனது.

ஆட்கள் சார்பில் பேசியவள் ஒரு நடவுக்காரப் பெண். நான் எழுதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும் முன் சொன்னாள்: "அரைப்படி சரிங்கய்யா. எங்க குடிசை நிக்கிறதே இவுங்க மண்ணுலதான். அறுப்பு முடிஞ்சதும் பிரிச்சுக்கிட்டுப் போன்னா எங்க போறது? அதையும் எழுதச் சொல்லுங்க."

மைத்துனரின் முகம் மாறியது. எம்.எல்.ஏ. அதைப் பார்த்தார். "ஒண்ணு ஒண்ணா பாப்போம்மா" என்றார். நான் எழுதவில்லை.

அறுப்பு முடிந்த வாரமே பதினான்கு குடிசைகளையும் பிரித்துப் போட்டார்கள். கேட்கப் போனவரிடம் மைத்துனர் அமைதியாகச் சொன்னார்: "எழுதுன அரைப்படிய அளந்துட்டேன் அத்தான். குடிசையப் பத்தி எங்க எழுதியிருக்கு?" எம்.எல்.ஏ. சென்னைக்குப் போய் மந்திரியைப் பார்த்தார். தேர்தல் முடியட்டும் என்று பதில் வந்தது. ஊர் திரும்பிய மறுநாள்தான் அந்த மூன்று வரிக் கடிதம்.

பிறகு வாய்க்காலோரம் இருந்த தன் மேட்டு நிலத்தை அந்தப் பதினான்கு குடும்பங்களுக்கும் மனையாக எழுதிவைக்க முடிவு செய்தார். பெரிய தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு நிலம் இருந்தது. ஆனால் அவர் மனைவி பல மாதம் அவரோடு பேசவில்லை. மைத்துனர் வீட்டுப் போக்குவரத்து அதோடு நின்றது.

இப்போது அங்கே மாடி வீடுகள்கூட இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். அவர் பெயர் எங்கும் இல்லை.

பத்திரப் பதிவன்று அந்தப் பெண் நன்றி எதுவும் சொல்லவில்லை. பத்திரத்தை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ரோட்டுக்கு வர்ற வழி எதுங்கய்யா?" என்றாள். "ஒரு பக்கம் வாய்க்கா, ரெண்டு பக்கம் உங்க மச்சான் வயலு. நாலாவது பக்கம் உங்க வயலு."

அவர் அதை யோசித்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், நான் தலைகுனிந்தேன். பத்திர எழுத்தரிடம் திரும்பி, "என் வயல்ல வண்டி போற அகலத்துக்கு விட்டு, மறுபடி எழுதுங்க" என்றார்.

அந்த வயலில் அப்போதுதான் நடவு முடிந்திருந்தது. புதிய பத்திரம் தயாராகி, அதையும் வாசித்துக் காட்டிய பிறகே அவள் கட்டைவிரலை மையில் வைத்தாள்.