அக்காவைத் தேடிய நாய்

அக்காவை ஈப்போவில் கட்டிக்கொடுத்த பிறகு அவள் வளர்த்த நாய் என் தலையில் விழுந்தது. சோறு போடுவது நான், குளிப்பாட்டுவது நான், உண்ணி பிடுங்குவது நான். ஆனால் அக்கா வைத்த பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டால் மட்டும் அதற்குக் காது கேட்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அதற்கு நன்றாக வயதாகிவிட்டது. முதலில் திமிர் என்றுதான் நினைத்தோம். கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துவிட்டு, பின்னால் வரத் தெரியாமல் முனகும். தின்ற தட்டு காய்வதற்குள் மறுபடி வந்து உட்காரும். ஒருநாள் கடையிலிருந்து வந்த அப்பாவைப் பார்த்தே உறுமியது. "வயசானா எல்லாரும் இப்படித்தான் ஆயிடுறாங்க" என்றாள் அம்மா. அப்பா நாயை விட்டுவிட்டு அம்மாவை முறைத்தார்.

பிறகு அலைய ஆரம்பித்தது. பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து சரோங் கெபாயா உடுத்திய ஓர் அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து விடுவார். "சுடா துவா, லுப்பா ரூமா" என்று மலாயில் பரிதாபப்படுவார். வயதாகிவிட்டது, வீடு மறந்துபோய்விட்டது என்று அர்த்தம். எனக்கு அது பிடிக்காது. மூன்று வேளை தின்கிற வீட்டை எப்படி மறக்கும்?

மறதியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கழுத்தில் லைசென்ஸ் வில்லை இல்லாத நாய் ரோட்டில் திரிந்தால் நாய் பிடிக்கும் டவுன் ஆட்கள் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள், போனது திரும்பாது. இதுவோ இளைத்துப்போய், வில்லை கோத்த பட்டையைத் தலைவழியாக உருவிப் போட்டுவிடும். "கட்டிப் போடு" என்றார் அப்பா. கொய்யா மரத்தில் கட்டினேன். சுற்றிச் சுற்றி வந்து கயிறு முழுவதையும் மரத்தில் சுருட்டிக்கொண்டு, கழுத்தை மரத்தோடு ஒட்டி வைத்து அழுதது. நானே போய் அவிழ்த்துவிட்டேன்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. ஈப்போவிலிருந்து யார் வந்தாலும் அவர்களிடம் அவள் முதலில் விசாரிக்கச் சொல்லி அனுப்புவது நாயைத்தான், என்னைப் பிறகுதான். இருக்கட்டும். அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் வரும்வரை இதை உயிரோடு வைத்திருந்து அவள் கண்ணில் காட்டிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதனால் ஒரு மத்தியானம் அது கிளம்பியபோது, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மோப்பம் பிடிக்கவில்லை, எங்கும் நிற்கவில்லை. வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நடந்தது. கடைசியில் அக்கா படித்த பெண்கள் பள்ளியின் கேட்டுக்கு எதிரே, மரத்தடியில் போய் உட்கார்ந்தது. நான் படித்தது தமிழ்ப்பள்ளி, நேர் எதிர்த் திசை. அக்காவை மத்தியானம் கூட்டி வரப் போனது இந்த நாய்தான், அவள் படித்த காலமெல்லாம். கதவை மறந்துவிட்டது, அப்பாவை மறந்துவிட்டது. இந்த வழியை மட்டும் மறக்கவில்லை.

பள்ளி விட்டது. கொடி ஊர்வலத்துக்குப் பழகிவிட்டு, கையில் காகிதக் கொடிகளோடு பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு நீலப் பாவாடையாக முகர்ந்து பார்த்தது. சிலர் வீலென்று கத்தினார்கள், சிலர் தலையைத் தடவினார்கள். எல்லாரும் போன பிறகும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கயிறு போட்டு நானே கூட்டிப்போனேன். அக்கா வந்ததும் இதற்கெல்லாம் ஒரு முடிவு வரும் என்று நம்பினேன்.

அக்கா வந்தாள். தம்பின் வரை ரயில், அங்கிருந்து டாக்சி. பெரிய வயிறு, கை நிறைய வளைகாப்பு வளையல்கள். வாசலிலேயே நாயின் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினாள். வளையல் குலுங்கியது. நாய் பின்வாங்கிப் பல்லைக் காட்டியது. மறுபடி கூப்பிட்டாள். ஊருக்குப் புதிதாக வந்தவளைப் பார்த்துக் குரைப்பதுபோல் குரைத்தது.

"கல்யாணம் ஆயிட்டா நாய்க்குக்கூட விருந்தாளிதான் போல" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. பின்கட்டில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு நாயை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல நாய் கீல் பக்கம் போய் நின்றது. அது எங்கே போகிறது என்று அக்காவிடம் சொன்னேன். "இந்த வயித்தோட வெயில்ல எங்கடி?" என்று அம்மா கத்தக் கத்த, அக்காவும் கிளம்பிவிட்டாள்.

மரத்தடியில் நின்றோம். பிள்ளைகள் வந்தார்கள். நாய் ஒவ்வொருத்தியாக முகர்ந்துகொண்டே போனது. அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவளை ஒருமுறைகூட முகரவில்லை. படிக்கிற காலத்து அக்காவைப் போல இரட்டைச் சடை போட்ட ஒருத்தியைக் கண்டதும் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. முகர்ந்தது. வால் நின்றுவிட்டது.

"இது என்னைத் தேடலடி" என்றாள் அக்கா. "அவளைத் தேடுது."

நாய் திரும்பி வந்து மரத்தடியில் படுத்தது. அக்கா மெதுவாகக் குனிந்து, எட்டாத கையை அதன் பக்கம் நீட்டி, "அவ வந்தா எனக்கும் சொல்லு, என்ன?" என்றாள்.

காவல்காரர் கேட்டைச் சாத்தினார். வீட்டுக்குப் போகலாம் என்று கயிற்றை இழுத்தேன். நாய் உடனே எழுந்து வந்துவிட்டது. அக்காதான் வரவில்லை.