நாமினி பெயர் எழுதாதவர்கள்

நான் நீட்டிய தாளை எங்கள் செயலாளர் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு அதை மேசை மேல் கவிழ்த்து, அதன் மேல் பஞ்சிங் மிஷினைத் தூக்கி வைத்தார். கிழிக்கவில்லை, திட்டவில்லை, கவிழ்த்து வைத்தார். மூன்று வாரம் உட்கார்ந்து நான் எழுதிய தாள் அது. "சங்கம் எதிர்கொள்ளும் இடர்கள்" என்று தலைப்புப் போட்டு, முகத்துவாரம் மணல் மூடிப்போவது, படகு கவிழ்வது, பிடித்த இறால் கெட்டுப்போவது, உறுப்பினர் உயிரிழப்பது என்று வரிசையாக எழுதியிருந்தேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இன்னாம்மா இது?" என்றார். அன்று வெள்ளிக்கிழமை என்பதே அதுவரை எனக்கு நினைவில் இல்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் அப்போது நான் எழுத்தர். என்னோடு பொன்னேரியில் படித்தவர்களில் பாதிப்பேர் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போக, நான் எங்கள் குப்பத்திலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். சும்மா இருக்க முடியாமல் காப்பீடும் நிறுவன இடர் மேலாண்மையும் என்று ஒரு பட்டயப் படிப்பில் அஞ்சல் வழியாகச் சேர்ந்தேன். பாடப் புத்தகத்தில் வந்த நிறுவனங்களெல்லாம் விமானக் கம்பெனி, வங்கி, மருந்துத் தொழிற்சாலை. ஒரு பீரோவும் ஒரு மின்விசிறியும், கால் ஆடும் இரண்டு நாற்காலிகளும் உள்ள நிறுவனத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆனாலும் ஒப்படைப்பு எழுத ஏதாவது ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடு என்றார்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

செயலாளரும் வலை போட்டவர்தான். முழங்கால் தேய்ந்தபின் படகை மருமகனிடம் விட்டுவிட்டுச் சங்கத்துக்கு வந்தவர். உறுப்பினர் எண்ணை மட்டும் விடாமல் வைத்திருந்தார். எந்த ஆள் எந்த வருடம் சேர்ந்தான், யாருடைய வலை யாரிடம் இருக்கிறது, எல்லாம் மண்டைக்குள்ளேயே இருக்கும். எழுதி வையுங்கள் சார் என்றால், "எனக்குத் தெரியும்ல" என்பார். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் சங்கத்துக்கு யார் சொல்வார்கள் என்று புத்தகத்தில் படித்த ஜோரில் ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று தேநீர் அவருக்கு மட்டும்தான் சொன்னார். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை, கரையே அப்படித்தான். படகு மூழ்கியது என்று யாரும் சொல்லமாட்டார்கள், "அப்படி ஆயிடுச்சி" என்பார்கள். காற்று மோசம் என்று சொல்லமாட்டார்கள், "காத்து ஒரு மாதிரி கீது" என்பார்கள். ஆபத்துக்குப் பெயர் வைப்பதுதான் முதல் படி என்றது என் புத்தகம். பெயரை வாயில் எடுக்காமலிருப்பதுதான் எங்கள் ஊரில் முதல் படி. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட எரிச்சலுக்கு மதிப்பெண் போடுவதாக இருந்தால் அந்த வருடம் நான்தான் முதல்.

அதைவிட எரிச்சல், மனிதர் பல விஷயங்களில் சரியாகவும் இருந்து தொலைத்ததுதான். நட்டத்தைப் பலபேர் பங்கிட்டுக்கொள்வது பற்றிய பாடத்தை ஒருநாள் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, "இத நம்ம ஆளுங்க எப்பவோ பண்ணிட்டானுங்கம்மா, பாடுன்னு பேரு" என்றார். எங்கள் ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் கிடைக்காது. அதனால் சீட்டுக் குலுக்கிப்போட்டு முறை வைத்திருக்கிறார்கள். இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். எந்த வீட்டிலும் அடுப்பு அணையாமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதை ஒப்படைப்பில் எழுதினேன், நல்ல மதிப்பெண் வந்தது. அவரிடம் சொன்னபோது, "பின்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தேநீர் சொல்லி அனுப்பினார்.

இப்படி ஆபத்தைப் பங்கு போடத் தெரிந்த ஜனம்தான் நாமினி என்ற ஒரு கட்டத்தைப் பார்த்து மிரண்டது. உறுப்பினர்களுக்கு விபத்துக் காப்பீடு வந்த முதல் வருடம் அது. படிவத்தை நான்தான் ஒவ்வொரு ஆளையும் உட்காரவைத்து நிரப்பினேன். பெயர், தகப்பன் பெயர், வயது, படகு எண் எல்லாம் மடமடவென்று வரும். "நாமினி யாரு? உங்களுக்கு ஏதாவதுன்னா பணம் யாருக்குப் போகணும்?" என்று கேட்டதும் எழுந்து நின்றுவிடுவார்கள். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்ப வரமாட்டார்கள். நானே வீட்டுக்குப் போனால் பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். தாலி கட்டினவன் செத்தால் தனக்குப் பணம் கொடு என்று ஒருத்தி தன் பெயரை எழுதிக் கொடுப்பாளா, அப்படி எழுதிவிட்டு அவனைக் கடலுக்கு அனுப்புவாளா என்று கேட்டார்கள். என்னைப் பெற்ற அம்மாவே கேட்டாள். "உங்க நைனா நல்லா இருக்கும்போது என் பேர அதுல எழுதினா நான் இன்னா நெனச்சிக்கினு கீறேன்னு அர்த்தம்?" படிப்பு முழுவதையும் அம்மாவிடம் ஒப்பித்துப் பார்த்தேன். மீன் கழுவிய தண்ணீரை என் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

செயலாளர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்று அவரிடம் போய் நின்றேன். நான்கு முறை போனேன். "கட்டாயப்படுத்தாதம்மா, காலியா இருந்தா இருக்கட்டும்" என்றார். காலியாக இருந்த இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன், பிறகு கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று. அப்படிப் புள்ளி வைத்த படிவங்களில் பக்கத்து வீட்டு அண்ணனுடையதும் ஒன்று.

அந்த அண்ணனின் படகு ஐப்பசியில் முகத்துவாரத்தில் புரண்டது. உடன் போன இருவர் நீந்தி வந்தார்கள், அவர் வரவில்லை. அண்ணிக்கு அப்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நாமினி இருந்திருந்தால் சில வாரத்தில் முடிந்திருக்கும் காரியத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காக இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு பொன்னேரிக்கு எத்தனை தடவை போனாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் கூடப் போனவள் நான். பணம் வந்து சேர்வதற்குள் படகின் இஞ்சின் விலைக்குப் போயிருந்தது, பிறகு வலை போனது. அந்தப் பென்சில் புள்ளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் ஆத்திரம் வரும். அதைவிட அதிகமாகச் செயலாளர் மேல் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருப்பார் என்று அலுவலகத்திலேயே கத்தினேன். அவர் அடுத்த நாள் வழக்கம்போல் வந்து பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

நான் பட்டயம் வாங்கிய வருடம் அவர் ஓய்வு பெற்றார். பீரோச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, பழைய கட்டுகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். முதல் வருடக் காப்பீட்டுக் கட்டில் மேலேயே அவருடைய படிவம் இருந்தது. நான் நிரப்பியதல்ல, அவரே தன் கையெழுத்தில் நிரப்பியது. நாமினி என்ற கட்டத்தில் மனைவியின் பெயர், வயது, அவள் தகப்பனார் பெயர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அச்சடித்தாற்போல் இருந்தன. தேதியைப் பார்த்தேன். நான் வீடு வீடாகப் போய்ப் பேச்சு வாங்க ஆரம்பித்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

"சார், இது நீங்க எழுதினதா?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசும்மா."

"இத அன்னிக்கே ஊர்ல சொல்லி இருந்தீங்கன்னா அத்தினி பேரும் எழுதி இருப்பாங்களே சார்! அண்ணி அலைஞ்சிருக்க மாட்டாளே!"

"தெரியும்மா" என்றார். சிறிது நேரம் கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். "என் ஊட்டுக்காரி காதுக்குப் போவும். மூணு நாளு சோறு எறங்காது அவளுக்கு. இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நீயும் சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த மறுநிமிடமே ஏன் கொடுத்தோம் என்றிருந்தது. எத்தனை வீட்டுக்குச் சாவி அது. அதைப் பெண்டாட்டிக்குப் பயந்து பீரோவுக்குள் பூட்டி வைத்த மனிதரை என்னவென்று சொல்ல?

இரண்டு வருடம் வாக்கைக் காப்பாற்றினேன். இந்த வருடம் செயலாளர் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அண்ணியின் கதைக்குப் பிறகு சிலர் எழுதிக் கொடுத்தார்கள்தான். அப்படியும் பதினொரு படிவம் காலியாகக் கிடந்தது. மழைக் காலம் கிட்டே வந்துவிட்டது, படிவம் அனுப்ப நான்கு நாள்தான் இருந்தது. அந்தப் பதினொன்றில் மேலே கிடந்தது எங்கள் நைனாவுடையது. நைனா இன்னமும் முகத்துவாரம் வழியாகத்தான் போய்வருகிறார். வீட்டில் அம்மாவோடு நான் போடாத சண்டை இல்லை. கடைசியில் ஒரு காலை நேரம் காலிப் படிவங்களையும் முதல் வருடக் கட்டையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு, பழைய செயலாளரின் வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவி மணலில் வலையை விரித்து அதன் மேல் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என்று கூப்பிட்டுப் பழக்கம். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததை மறந்துவிட்டு, நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

அக்கா அழவில்லை. கையிலிருந்த நெத்திலியைப் பரப்பி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கா இத்தினி வருசமா பயந்துக்கினு இருந்தாரு? எங்க மகளிர் குழு லோனுக்கு இன்சூரன்ஸ் போட்டாங்களே, அதுல நாமினின்னு அவரு பேரதான் எழுதி இருக்கேன். நான் செத்தா அவருக்கு. ஏழு வருசமாவுது. எழுதச் சொல்ல யாருக்கானா வாய் நடுங்குச்சா? அவருக்குத்தான் அன்னிக்கு சோறு எறங்காம போச்சா?"

எனக்குச் சுரீரென்றது. அந்தக் குழுப் படிவங்களில் பாதியை நிரப்பிக் கொடுத்தவள் நான்தான். அதே மேசை, அதே பேனா. நாமினி யார் என்று கேட்பேன், "ஊட்டுக்காரரு" என்று சட்டென்று பதில் வரும், எழுதுவேன். எங்கள் அம்மாவுக்கும் வீட்டில் வைத்து அப்படித்தான் எழுதினேன். வெள்ளிக்கிழமை என்று ஒருவரும் சொன்னதில்லை. பூவோடும் பொட்டோடும் ஒருத்தி முன்னால் போய்விட்டால் அது அவள் கொடுப்பினை, அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆண் போவதை மட்டும்தான் எழுதக்கூடாது. இடர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே படித்துப் பட்டயம் வாங்கிய எனக்கு இது கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"எங்க, அந்த ஃபாரத்தக் காட்டு" என்றார் அக்கா. கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் மாறியது.

"வயசப் பாரேன்! அஞ்சு வயசு கூட்டி வச்சிக்கினு கீறாரு மனுசன். எங்க அப்பா பேரு கேட்டா எங்க சித்தப்பா பேர எழுதி இருக்காரு. கல்யாணம் ஆயி முப்பது வருசம்! இத வச்சிக்கினு நான் போய் நின்னா எவன் பணம் கொடுப்பான்?"

என் கையால் படிவத்தைத் திருத்தி எழுத வைத்தபிறகும் அவருக்கு ஆறவில்லை. நெத்திலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதே புகார்தான்: எங்கள் வீட்டுக்காரர் என் வயதைத் தப்பாக எழுதியிருக்கிறார், உன் வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று போய்ப் பார். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆரம்பித்த பேச்சு மதியத்துக்குள் எங்கள் குப்பத்துக்கு வந்துவிட்டது. சங்கத்து வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். தங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் கட்டமே காலி என்று தெரிந்ததும் வந்த கோபம் இருக்கிறதே, அதை நான் கொஞ்சம் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். செத்தால் பணம் கொடு என்று எழுதுவதா என்று அன்று சண்டைக்கு வந்தவளே, "அப்ப என்ன கணக்குலயே வெக்கலியா அவரு?" என்று கேட்டாள்.

மூன்று மணிக்குப் பழைய செயலாளர் வந்தார். உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே நின்றார். "சொல்லாதன்னுதானம்மா சொன்னேன்" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்றேன். "அத வுடு. வயசு தப்பாம். காலைலேந்து அதையே சொல்லிக்கினு கீறா" என்று முழங்காலைத் தடவிவிட்டுப் போனார். ஒரு வார்த்தைக்குப் பயந்து இத்தனை வருடத்தை வீணாக்கிய மனிதர். அவர் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், அண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் திரும்ப வருகிறது.

மாலைக்குள் பத்துப் படிவம் நிரம்பியது. பதினொன்றாவதை எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கும் வீட்டில் ஒரு சண்டை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்தாள். சங்கத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆடுவதைப் பார்த்து முகம் சுளித்து, என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"என் பேர நானே சொல்றேன், எழுது" என்றாள். "உங்க நைனாகிட்ட வுட்டா தப்பா எழுதிடுவாரு."