அடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

வில்லியனூர் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை எனக்கு. பல்கலைக்கழகமும் கம்பெனியும் சேர்ந்து எங்களுக்கு ஒரு டிப்ளமோ ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனிலேயே வகுப்பு. பாஸ் செய்தால் சூப்பர்வைசர் ஆகலாம். சூப்பர்வைசருக்கு நாற்காலி உண்டு.

என் மெஷினில் எனக்கு எதிரே நிற்கிற அக்கா மடுகரையிலிருந்து வருகிறவள். ஐம்பது வயது. சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடும்.

"இந்த வயசுல இன்னாடி எனக்குப் பரீட்ச?"

"காலப் பாருக்கா, பூசணிக்கா மாதிரி இருக்குது. நாற்காலி வேணும்னா எழுது."

எனக்குப் பதமாகப் பேச வராது. அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள்.

ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அக்காவின் ரிசல்ட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விடைத்தாளில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். திருத்துகிறவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிற வேலையாம்.

உடை மாற்றும் அறையில் தலைத்தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏமாத்துறவளாடி நானு?"

எங்கள் ரிஜிஸ்டரில் தப்பாக எழுதினால் கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். மருந்து விஷயம். அக்காவுக்கு இத்தனை வருஷப் பழக்கம், பரீட்சைத் தாளிலும் கை அதையே செய்துவிட்டது. நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கவேயில்லை, அதனால் தப்பித்தேன்.

ஆறு மாதம் பாடம் எடுத்த சார் ஒரு நாள்கூட எங்கள் வேலையை எட்டிப் பார்த்ததில்லை. மேனேஜரிடம் சண்டை போட்டு, அடுத்த சனிக்கிழமை அவருக்குத் தொப்பி மாட்டி உள்ளே கூட்டிப்போனேன். ரிஜிஸ்டரை விரித்து வைத்தேன். பக்கத்துக்குப் பக்கம் கோடு, கையெழுத்து, தேதி.

"இப்ப சொல்லுங்க சார், இது திருட்டா?"

வெகுநேரம் புரட்டினார்.

"பரீட்சைல இப்படிப் போடக் கூடாதுன்னு நான்தாம்மா சொல்லியிருக்கணும்," என்றார். அங்கேயே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த மனிதர் மேல் இருந்த கோபம் பாதி போனது. மீதி, அக்கா பாஸ் என்று வந்த அன்றைக்குப் போனது.

இருந்தது ஒரே ஒரு சூப்பர்வைசர் இடம். மூத்தவள் அவள், அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் நாற்காலியைத் தொடாமல் என் எதிரே பழைய இடத்திலேயே வந்து நின்றாள்.

"போய் உக்காருக்கா. அதுக்குத்தானே எழுதுன?"

"நீ நிக்கிறியேடி."

"என் காலு நல்லாத்தான் இருக்குது. போ."

போய் உட்கார்ந்தாள். காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள்.