வாசலில் நின்ற பேனல்

நம்ஸ்ராய் பேனலைத் துடைக்கும்போது பக்கத்தில் நின்று யாரும் பேசக்கூடாது. பேசினால் எச்சில் தெறிக்குமாம். முதலில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி, அப்புறம் உலர்ந்த துணி. சோப்பு கிடையாது. வெயில் ஏறிக் கண்ணாடி சூடாகிவிட்டால் சொட்டுத் தண்ணீர்கூடப் படவிட மாட்டார். கூடார வாசலுக்குத் தெற்கே முட்டுக்கொடுத்து நிற்கும் அந்தச் சோலார் பேனலைச் சூரியன் நகர நகரத் திருப்பி வைப்பார். அதற்காக உப்புத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்.

"சூரியன் என்ன, உங்களைக் கேட்டுட்டா நகருது?" என்பாள் மனைவி துல்மா.

"ஆட்டுக்குப் பின்னால ஓடினேன், இப்ப இதுக்குப் பின்னால ஓடறேன். என் தலையெழுத்து."

மேய்ச்சலுக்கு இடம் மாறிய காலத்தில் பேனலுக்குத்தான் முதல் மரியாதை. கழற்றுமுன் முகத்தில் துணி போர்த்துவார். வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை கம்பியில் மின்சாரம் இருக்கும் என்பது அடிபட்டுக் கற்ற பாடம். பிறகு இரண்டு கம்பளிகளுக்கு நடுவே நிமிர்த்திக் கட்டுவார். அதன்மேல் யாராவது ஒரு கெண்டியைச் சாய்த்து வைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. முதுகு சொறிய ஒட்டகம் வந்தால் கல்லெடுத்துவிடுவார்.

துல்மாவோடு ஓயாத சண்டை பாலால்தான். விடிந்ததும் முதல் பாலை மரக்கரண்டியில் எடுத்து வானத்தை நோக்கித் தெளிக்காமல் அவள் வேறு வேலை பார்க்க மாட்டாள். கோபிப் பாலைவனக் காற்றோ அதில் பாதியைப் பேனலில் கொண்டுபோய் அப்பும். காய்ந்த துளி வெளிச்சத்தை மறைக்கும்.

"வானத்துக்குக் கொடு, வேண்டாங்கல. என் கண்ணாடிக்கு எதுக்குடி அபிஷேகம்?"

"குடிச்சிட்டுப் போகட்டும். அதுக்கும் பசிக்காதா?"

போன குளிர்காலத்தில் பனி விழுந்து, கொஞ்சம் உருகி, மறுபடி பாறையாக இறுகிவிட்டது. ஆடுகள் குளம்பால் கீறிக் கீறிப் பார்த்தன, புல் எட்டவில்லை. நம்ஸ்ராய் தினமும் பேனல் மேலிருந்த பனியை மெல்லிய துடைப்பத்தால் தள்ளினார். மண்வெட்டியால் சுரண்டியதே இல்லை. அந்தக் கையோடு போய், விறைத்துக் கிடந்த ஆடுகளை இழுத்து அடுக்கினார். ஒட்டகமும் போயிற்று. வசந்தம் வந்தபோது மிஞ்சியது, ஒரு கீறல்கூட விழாத பேனல் ஒன்றுதான்.

"இதைக் காப்பாத்தத் தெரிஞ்சுது. அதுங்களைக் காப்பாத்தத் தெரியலையே" என்று ஒருநாள் துல்மாவிடம் சொல்லி அழுதார்.

இனி தலைநகர் உலான்பாத்தரில் மகள் வீட்டு முற்றத்தில்தான் கூடாரம். அங்கே மின்கம்பம் இருக்கிறது, பேனல் வேண்டாம். துல்மாவின் தம்பி ஒட்கோனுக்கு இன்னும் கொஞ்சம் ஆடுகள் பிழைத்திருக்கின்றன. குட்டி போடும் இரவுகளுக்கு விளக்கு வேண்டும். இன்று காலை பேனலை எடுத்துப்போக வண்டி கொண்டுவந்தான்.

"பேட்டரியை அடுப்புப் பக்கம் வெக்காதடா."

"சரி அத்தான்."

"முதல்ல பேட்டரியை மாட்டு, அப்புறம்தான் பேனல். கம்பியைப் பிடிச்சு இழுக்காத. ஆடு முட்டற இடத்துல நிறுத்தாத."

"அத்தான், அக்காவைக் கட்டிக் கொடுத்தப்பகூட எங்கப்பா உங்ககிட்ட இவ்வளவு சொல்லல!"

துல்மா சிரித்துவிட்டாள். நம்ஸ்ராய் சிரிக்கவில்லை. துணி போர்த்திய பேனலை வண்டியில் கம்பளிகளுக்கு நடுவே நிறுத்திக் கயிற்றை எடுத்தவர், கட்டாமல் நின்றார்.

பயணம் போகிறவர்கள் பின்னால் பால் தெளித்து அனுப்புவது வழக்கம். துல்மா கிண்ணமும் கரண்டியுமாக வாசலிலேயே தயங்கி நின்றாள். பவுடர் கரைத்த கடைப் பால். வேறு பாலுக்கு எங்கே போவது?

"என்ன அங்கயே நிக்கறே?"

"காத்து உங்க பக்கம் அடிக்குதுங்க. கண்ணாடியில படும்."

அவர் போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டார். வண்டிக்குத் திரும்பி, முன்பக்கக் கம்பளியைத் தள்ளி, பேனலின் முகத்துணியை விலக்கினார். பாலைக் கண்ணாடியின் மேலேயே தெளித்தார். துளிகள் கோடுகோடாக வழிந்தன. அப்படியே துணியைப் போர்த்திக் கயிற்றை இறுக்கினார். துடைக்கும் துணி அவர் தோளில்தான் கிடந்தது.